வூட்ல ஆள் இருக்கு

எனக்கு எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொன்று ஞாபகத்துக்கு வரும், சொல்ல வந்தது மறந்து போகும். தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யாருடைய பேரையும் எழுதவில்லை. சிலருடைய பேர் மறந்துவிட்டது. சிலருடையது மறக்கவில்லை, ஆனாலும் வேண்டாம்.

அப்போது நாங்கள் பெரம்பலூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு தெருவில் குடியிருந்தோம். எழுபதுகள் முடிந்து எண்பதுகள் பிறந்த நேரம். என் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிய வருஷம். அப்படி வைத்துக்கொண்டால்தான் எனக்குக் காலம் பிடிபடும். எங்களுக்கு ரயில் கிடையாது, எல்லாம் பஸ்தான். மெட்ராஸ் பஸ், திருச்சி பஸ், துறையூர் பஸ் என்று நாள் முழுக்க ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த பஸ்களாலேயே எங்கள் தெருவுக்கு ஒரு கேடும் இருந்தது. திருட வருகிறவன் ஒரு பஸ்ஸில் இறங்குவான், தெருவுக்குள் புகுந்து கிடைத்ததைச் சாக்கில் போட்டுக்கொள்வான், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவான். வீட்டுக்காரி காட்டிலிருந்து திரும்பிக் கதவைத் திறக்கும்போது அவன் விழுப்புரத்தைத் தாண்டியிருப்பான். அதனால் எங்கள் தெருவில் பயமெல்லாம் பகலுக்குத்தான். ராத்திரி எல்லாரும் இருப்பார்கள், நன்றாகத் தூங்குவோம். வெயில் ஏற ஏறத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

சின்ன வெங்காயம் பிடுங்கும் காலம் வந்தால் தெருவே காலியாகிவிடும். பெண்கள் எல்லாரும் விடிந்ததும் சுற்றுப்பட்டுக் காடுகளுக்குக் கூலிக்குப் போய்விடுவார்கள். சின்னக் குழந்தை இருந்ததால் நான் போக முடியாது. மண்டிக்காரர் ஒருவர் மூட்டைகளை எங்கள் வீட்டிலேயே இறக்கிவிட்டுப் போவார். நான் உட்கார்ந்து தாளையும் வேரையும் அரிந்து கொடுக்க வேண்டும். தெருவில் பகல் முழுக்க இருக்கிற பெண் நான் ஒருத்திதான் என்று சொல்லலாம்.

அந்த வருஷம் மூன்றாவது வீட்டில் பித்தளைப் பாத்திரம் மொத்தமும் போனது. தெருக்கோடியில் தனியாக இருந்த ஒரு பெண்ணிடம் ஒருவன் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறான். அவள் சொம்பை நீட்டும்போது காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துவிட்டு ஓடினான். காது கிழிந்துபோனது. அப்புறம் அவள் குழாயடிக்கு வரும்போதெல்லாம் முந்தானையால் அந்தப் பக்கத்தை மூடிக்கொண்டே வருவாள். காற்று அடித்தால் கை தானாக அங்கே போகும். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் நான் என் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

என் வீட்டுக்காரர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்தார். அங்கேயே ஒரு கொட்டகையில் நாலைந்து பேரோடு தங்கிக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். தோடு போன சேதி கேட்ட வாரம், கதவுக்குக் குறுக்கே போட ஒரு கட்டையைச் செதுக்கி வைத்தார். அப்புறம் சொன்னார்:

"வாசல்ல என் பழைய டயர் செருப்பு கெடக்கட்டும். கொடியில எஞ்சட்டை ஒண்ணு எப்பவும் தொங்கட்டும். வூட்ல ஆள் இருக்குன்னு பாக்குறவனுக்குத் தெரியணும். தெரிஞ்சுதா?"

"சரிங்க" என்றேன்.

நான் அவரிடம் பேசியதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தைதான். எனக்கு யாரிடமும் பேச்சு வராது. அவரிடம் இன்னும் வராது. கோபக்காரர் என்று இல்லை. சோறு போடும்போது இலையைப் பார்ப்பேன், படுக்கும்போது சுவரைப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

செருப்பைப் போட்டேன். சட்டையைத் தொங்கவிட்டேன். ஒரே சட்டை தொங்கினால் தெரிந்துவிடும் என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் அழுக்கே இல்லாத சட்டையை எடுத்து நனைத்துக் காயப்போடுவேன். துவைத்துத் துவைத்தே ஒரு சட்டை காலரில் நைந்துபோனது. அப்படியும் பயம் போகவில்லை.

ஒரு நாள் நல்ல வெயில். கதவைச் சாத்தி, கட்டையைக் குறுக்கே போட்டுவிட்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். வெளியே யாரோ வந்து நின்றார்கள். "தாயீ, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்று ஒரு ஆண் குரல். எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கதவிடுக்கில் ஒரு நிழல் அசைந்தது. "வூட்ல யாருமில்லீங்களா?" என்றது குரல்.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் நின்று ஒரு தரம் கனைப்பார்கள். உள்ளே பெண்கள் சேலையைச் சரி செய்துகொள்ளட்டும் என்று ஒரு மரியாதைக்கு. ஒவ்வொருவருக்கும் ஒரு கனைப்பு உண்டு. கதவைத் திறக்காமலே வந்தது யார் என்று சொல்லிவிடலாம். என் வீட்டுக்காரருடையது ரெண்டாக வரும். முதலில் தொண்டையில் சின்னதாக ஒன்று, அப்புறம் அடிவயிற்றிலிருந்து பெரிதாக ஒன்று. அன்றைக்கு எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தேன், அந்தக் கனைப்பு வந்தது. சின்னது ஒன்று, பெரியது ஒன்று.

நிழல் நகர்ந்துவிட்டது. தூளியில் கிடந்த என் மகள் எழுந்து உட்கார்ந்து, "ப்பா" என்று கதவைப் பார்த்தாள்.

அவன் திருடன்தானா, நிஜமாகவே தாகம் எடுத்து வந்தவனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் கனைப்பேன். வெறும் கனைப்பு மட்டும் போதுமா? ஆள் இருக்கிற வீட்டில் பேச்சும் இருக்குமே. அதனால் பேசவும் ஆரம்பித்தேன். "என்னங்க, சோறு ஆறிப்போவுது, வாங்க" என்பேன். "கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்பேன். முதலில் கதவுக்குக் கேட்பதற்காகத்தான் பேசினேன். குரல் நடுங்கும். போகப் போக நடுக்கம் நின்றுவிட்டது.

எங்கள் வீட்டுக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. அதன் வழியாக வெயில் ஒரு தட்டு அளவுக்குத் தரையில் விழும். காலையில் அடுப்பங்கரைப் பக்கம் இருக்கும், மெல்ல நகர்ந்து உச்சிப்பொழுதில் நடுவீட்டுக்கு வரும், அப்புறம் சுவரில் ஏறி மறையும். அரிந்து போட்ட வெங்காயத் தோல் காற்றில் எழுந்து அந்த வெளிச்சத்துக்குள் போகும்போது ரோஸ் நிறத்தில் மின்னும். வெங்காய நெடியில் எனக்குக் கண்ணெல்லாம் நீராக இருக்கும். அந்த நீர் வழியாகப் பார்த்தால் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறமாதிரியே இருக்கும். முகம் என் வீட்டுக்காரர் முகம்தான். ஆனால் இவர் எங்கேயும் கிளம்புகிற அவசரத்தில் இல்லை. நான் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவரிடம் என்னென்னவோ சொன்னேன். திருமானூரில் எங்கள் அப்பா வீட்டுக்குப் பின்னாலிருந்த வாய்க்காலில் சின்ன வயசில் பாவாடையால் மீன் பிடித்ததைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோது அழாமல் இருந்துவிட்டு, மறுநாள் மணிச்சத்தம் கேட்டபோது அழுததைச் சொன்னேன். குழந்தைக்குப் பல் முளைத்ததை முதலில் அவரிடம்தான் சொன்னேன், சனிக்கிழமை வந்தவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். சில சமயம் பேசுவது என் குரல்தானா என்றே சந்தேகமாக இருக்கும். சோறு போட்டு வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அதை நானே எடுத்துச் சாப்பிடுவேன். பயந்து பயந்து இருந்த பகல்பொழுது, எப்போது வரும் என்று காத்திருக்கிற பொழுதாக மாறிவிட்டது.

தெருவில் இதையெல்லாம் கேட்க யாருமில்லை என்று நினைத்திருந்தேன். எதிர்வீட்டு அக்கா ஒருத்தி இருந்தாள். அவளும் காட்டுக்குப் போகிறவள்தான், ஆனால் இடுப்புவலி என்று சில நாள் வீட்டிலிருப்பாள். அந்த நாளில் மட்டும் நான் மெல்லத்தான் பேசுவேன். அவள் தம்பி என் வீட்டுக்காரரோடு அதே குவாரியில் வேலை பார்த்தான்.

வெங்காயம் முடிகிற சமயத்தில் அந்த அக்கா வீட்டு ஓட்டைப் பிரித்து யாரோ இறங்கிவிட்டார்கள். அவளுடைய பித்தளை அண்டா போய்விட்டது. இடுப்புவலியோடு காட்டிலிருந்து பாதியில் திரும்பி வந்து பார்த்தவள், தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருக்கிறாள். பஸ்ஸின் மேல் ஒருவன் சாக்குமூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தான். சாக்குக்கு வெளியே தெரிந்த விளிம்பில் ஒரு நசுங்கல். அவள் கல்யாணத்தன்றைக்கே அண்டா கீழே விழுந்து நசுங்கிய இடம் அது. அவள் போட்ட சத்தத்தில் பஸ் ஸ்டாண்டே கூடிவிட்டது. ஆள் மாட்டிக்கொண்டான்.

மறுநாள் போலீஸ் ஏட்டு ஒருவர் அவனைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். எந்தெந்த வீட்டில் இறங்கினான் என்று காட்டச் சொல்ல. அன்றைக்கு யாரும் வேலைக்குப் போகவில்லை, தெரு முழுக்கக் கூட்டம். நான் கதவை ஒரு சாண் திறந்து அதன் பின்னால் நின்று பார்த்தேன். ஒல்லியாக, கைலி கட்டிய ஒருவன். பார்த்தால் பாவமாகத்தான் இருந்தான். ஒவ்வொரு வாசலாக நிறுத்தி ஏட்டு கேட்டுக்கொண்டே வந்தார். எங்கள் வாசலுக்கு வந்ததும், "இங்க எறங்குனியா?" என்றார்.

"இல்லீங்க சார். இந்த வூட்டுக்கு ரெண்டு மூணு தரம் வந்து பாத்தேங்க. எப்பவும் உள்ள ஆள் இருக்கு."

"ஆளுன்னா?"

"ஆம்பளைங்க சார். கனைக்கிறது கேட்டுச்சு. இந்தம்மா சோறு போட்டுக்கிட்டே பேசிக்கிட்டிருந்துச்சு. அதான் ஒதுங்கிட்டேன்."

எதிர்வீட்டு அக்கா, "என்னது? அவ புருசன் அரியலூர்ல இல்ல கெடக்கான்!" என்றாள்.

எல்லாக் கண்ணும் வாசலில் கிடந்த டயர் செருப்பைப் பார்த்தன. அப்புறம் கொடியில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்த சட்டையைப் பார்த்தன. ஏட்டு ஒருமாதிரி சிரித்துவிட்டு, "அது நம்ம கேஸ் இல்லம்மா" என்று அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "அது நாந்தாங்க" என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டேன். அந்தக் கதவைச் சாத்தியதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சியாகப் போய்விட்டது.

அதற்கப்புறம் குழாயடியில் நான் குடத்தோடு போனால் இடம் விட்டு ஒதுங்குவார்கள். யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. காது கிழிந்த பெண் மட்டும் என் பக்கத்தில் நிற்பாள், அவளும் ஒன்றும் கேட்க மாட்டாள். எதிர்வீட்டு அக்கா குடத்தை நிமிர்த்திக்கொண்டே ஆகாயத்தைப் பார்த்துச் சொல்லுவாள்: "புருசன் இருந்தா வாய்ல கொழுக்கட்டைய வச்சவளாட்டம் இருப்பா. ஆள் மாறுனா வாயும் தொறக்கும்போல."

நான் பேச்சை நிறுத்திவிட்டேன். கனைப்பையும் நிறுத்திவிட்டேன். வீடு சத்தமில்லாமல் கிடந்தது. "பாத்தியா, விசயம் வெளிய வந்ததும் அவன் ஓடிட்டான்" என்று அதற்கும் ஒரு பேச்சு. வெளிச்சம் மட்டும் வழக்கம்போல வந்து நடுவீட்டில் விழுந்தது. அதன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எதிர்வீட்டு அக்காவின் தம்பி மூலமாகச் சேதி அரியலூர் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் என்ன செய்வார் என்றுதான் தெரியவில்லை. அடித்தால்கூடப் பரவாயில்லை, ஒன்றும் கேட்காமல் திருமானூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் அப்பா வீட்டு வாசலில் எந்த முகத்தோடு நிற்பேன் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கவில்லை. நடுவாரத்தில் ஒரு உச்சிப்பொழுதில் வந்தார். கையில் பை இல்லை, சட்டையெல்லாம் வெள்ளைத் தூசி. வாசலில் கனைக்கவில்லை. சும்மா வந்து நின்றார். கதவு திறந்துதான் இருந்தது. மகள் தத்தித் தத்திப் போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"யாரு வந்தா?"

எதிர்வீட்டு வாசலுக்கு அக்கா வந்துவிட்டாள். இன்னும் ரெண்டு வாசலில் தலை தெரிந்தது.

"கேக்குறேன்ல. ஒரு வார்த்தை சொல்லு. யாருமில்லைன்னு சொன்னா நான் நம்புறேன்."

இப்போது நினைத்தாலும் அவர் சொன்ன அந்த "நம்புறேன்" பெரிய வார்த்தை. ஆனால் எனக்கு அன்றைக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச எனக்குப் பழக்கமே இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல், அவரையும் குழந்தையையும் வெளியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக் கட்டையைக் குறுக்கே போட்டேன்.

"அடியே! புருசன வெளிய வச்சா கதவச் சாத்துற?" என்று அக்கா கத்துவது கேட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கனைத்தேன். சின்னது ஒன்று, பெரியது ஒன்று. அப்புறம், "என்னங்க, வந்து ஒக்காருங்க. கத்திரிக்காய்க் கொழம்புதான் வச்சேன்" என்றேன். கதவு சாத்தியிருந்ததால் குரல் வந்தது. வந்தபிறகு நிற்கவில்லை. "தெருவுல எல்லாரும் என்னமோ சொல்றாங்க. நீங்க நம்பாதீங்க. நான் யாரையும் வூட்ல சேத்ததில்ல. பயமா இருந்துச்சுங்க. அந்தப் பொண்ணு காதைப் பாத்ததுலேருந்து பயமா இருந்துச்சு. நீங்க செருப்ப விட்டுட்டுப் போனீங்க, சட்டைய விட்டுட்டுப் போனீங்க. கொரல விட்டுட்டுப் போவலையே. அதனால நானே எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போனேன். குழந்தையின் பல்லைப் பற்றியும் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை, அதுவும் வந்துவிட்டது.

கட்டையை எடுத்துக் கதவைத் திறந்தேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். குழந்தை என்னைக் காட்டி, "ப்பா" என்றது. கனைப்பு வந்த இடத்தைக் காட்டியது.

அவர் எழுந்து தெருவைப் பார்த்துச் சொன்னார்: "அது என் கனைப்பு. எங்கப்பாருக்கும் இதே கனைப்புதான். வேற எவனுக்கும் இப்படி வராது."

எதிர்வீட்டு அக்கா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "அடிப் பாவி மவளே! எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் ரெண்டு கனைப்பு கனைச்சிருப்பேனே! எங்க அண்டா இப்ப ஸ்டேஷன்ல கெடக்காதே!" கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து என் கையைப் பிடித்தாள். "இன்னொருக்கா செய்டி, பாப்போம்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆள் பார்க்க எனக்கு வரவே வராது.

அவர் சாப்பிட உட்கார்ந்தார். நிஜமாகவே கத்திரிக்காய்க் குழம்புதான். பாதிச் சாப்பாட்டில் நிமிராமல் கேட்டார்:

"அந்த ஆளுகிட்ட இவ்வளவு பேசுறியே. எங்கிட்ட ஏன் பேசல?"

நான் யோசித்தேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. "அவரு கேக்குறாருங்க" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கை கழுவிவிட்டு வந்து, "தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு. இனிமே இந்தக் கனைப்ப வச்சிக்கிட்டு நீ இங்க தனியா இருக்க முடியாது. அரியலூர்ல ஒரு ரூம் பாக்குறேன். வரியா, இல்ல இங்கதான் இருப்பியா?" என்றார். அதுவரைக்கும் எந்த விஷயத்திலும் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "வரேங்க" என்றேன்.

அரியலூரில் கிடைத்தது ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரூம். எதைத் துடைத்தாலும் வெள்ளைத் தூசி. அங்கேயும் திருட்டு இருந்தது, இல்லாமலா? ஆனால் சாயங்காலமானால் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார். குளித்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்துகொண்டு, "சொல்லு" என்பார். முதல் சில நாள் எனக்கு ஒன்றும் வரவில்லை. அவரும் விடவில்லை, தினமும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் வாய்க்காலில் பாவாடையால் மீன் பிடித்த கதையை அவர் முகத்தைப் பார்க்காமல் ஆரம்பித்தேன். "என்ன மீனு?" என்று கேட்டார். கெண்டை என்றேன். கூட்ஸ் ரயில் ஒன்று போயிற்று, வீடு அதிர்ந்தது. அது போய்முடிகிற வரைக்கும் நிறுத்தி வைத்திருந்து, அப்புறம் மீதியைச் சொன்னேன்.

இதில் நிறையத் தப்பு இருக்கலாம். வெங்காயம் பிடுங்கியது ஆவணியிலா புரட்டாசியிலா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. திருடனைப் பிடித்தது மெட்ராஸ் பஸ்ஸிலா சேலம் பஸ்ஸிலா என்பதும் குழப்பம். அண்டா திரும்ப வந்ததா என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. அந்தத் தெருவில் அப்போது இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், குறிப்பாக அந்த எதிர்வீட்டு அக்காவோ அவள் பிள்ளைகளோ இருந்தால், பார்த்துத் திருத்திக் கொடுங்கள். அவள் என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருப்பாள்.